பூனைக்கண் என்று சொல்லிச் சிரித்தோம்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவி தன் மகனின் முதல் பிறந்தநாள் படங்களைப் போட்டிருந்தாள். எல்லாரும் வாழ்த்துச் சொன்னீர்கள். அதில் ஒரு படத்தில் குழந்தையின் வலது கண்ணில் வழக்கமான சிவப்புப் புள்ளி. இடது கண்ணில் மட்டும் வெள்ளையாக ஓர் ஒளி. இரவு மணி பத்து இருக்கும். நான் உடனே அவளைப் போனில் அழைத்து, "நாளைக்கே கண் டாக்டரிடம் காட்டும்மா, தள்ளிப் போடாதே" என்றேன். அவளும் மறுநாளே போனாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்துப் பார்த்திருக்கிறார்கள். கண் நன்றாக இருக்கிறது. கேமரா வெளிச்சம் ஒரு கோணத்தில் கண் நரம்பு தொடங்கும் இடத்தில் பட்டுத் திரும்பினாலும் அப்படித் தெரியுமாம். நிம்மதி.

ஆனால் குழுவில் சிலர் கேட்டீர்கள்: "ஒரு போட்டோவுக்காக ராத்திரி பத்து மணிக்கு ஒரு தாயைப் பயமுறுத்தலாமா சார்?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி மணி வரை பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984. கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் எனக்கு வேலை. நாலாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை தினமும் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அப்படி வரும் பிள்ளைகளை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பினால் படிப்பு அன்றோடு நின்றுவிடும்.

அந்தக் குழந்தைக்கு அப்போது ஒரு வயது இருக்கும். மழை மூட்டமான நாட்களில், வகுப்பறை இருட்டியிருக்கும்போது, அதன் ஒரு கண் மின்னும். பிள்ளைகள் "பூனைக்கண்ணி" என்று பெயர் வைத்தார்கள். அது சிரிக்கும், பிள்ளைகளும் சிரிப்பார்கள். நானும் "வாடி பூனைக்கண்ணி" என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறேன். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மூன்று வயது முடியுமுன் அந்தக் குழந்தை இறந்துபோனது. கண்ணில் வந்த புற்றுநோய். ரெட்டினோபிளாஸ்டோமா என்பது அதன் பெயர். கண்ணின் உள்சுவரில் இருக்கும் விழித்திரையில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. ஏறத்தாழ 16,000 முதல் 18,000 குழந்தைகள் பிறந்தால் ஒரு குழந்தைக்கு வருகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். அரிதான நோய்தான். ஆனால் உலகம் முழுவதும் சேர்த்தால் ஆண்டுக்கு 8,000 குழந்தைகள் வரை ஆகிறது. அதில் நம் நாட்டுப் பங்கு பெரிது.

நான் வரலாற்று வாத்தியார், டாக்டர் இல்லை. அதனால் எனக்கு எழுந்தது வரலாற்றுக் கேள்விதான். அந்தக் குழந்தை இறந்தது மருத்துவத்துக்குத் தெரியாத நோயாலா, தெரிந்த நோயாலா? ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

1597-இல் நெதர்லாந்து நாட்டில் லைடன் நகரத்து உடற்கூறு அறிஞர் பீட்டர் பாவ், ஏறத்தாழ மூன்று வயதில் இறந்த ஒரு குழந்தையின் உடலை அறுத்துப் பார்த்தார். கண்ணை நிறைத்து வளர்ந்திருந்த கட்டியைப் பற்றிக் குறிப்பு எழுதினார். இந்த நோயைப் பற்றிய பழைய எழுத்துப் பதிவாக அதைத்தான் பொதுவாகக் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1809-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் வார்ட்ராப் என்ற அறுவை மருத்துவர் ஒரு நூல் வெளியிட்டார். இப்படி இறந்த குழந்தைகளின் கண்களை அறுத்துப் பார்த்தவர் அவர். கட்டி விழித்திரையில்தான் தொடங்குகிறது, அங்கிருந்து கண் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது என்று கண்டு சொன்னார். அப்படியானால் செய்ய வேண்டியதும் விளங்கிவிட்டது. கட்டி கண்ணுக்குள் இருக்கும்போதே கண்ணை எடுத்துவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அந்த ஆண்டை மனத்தில் வையுங்கள். நம் மருது பாண்டியர்கள் தூக்கில் தொங்கி எட்டு ஆண்டுகள் ஆன காலம். அப்போதே "சீக்கிரம் கண்டுபிடி, சீக்கிரம் எடு" என்ற பாடம் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அன்றைக்கு மயக்க மருந்து கிடையாது. விழித்திருக்கும் குழந்தையைப் பிடித்துவைத்துக் கண்ணை எடுக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? சம்மதிக்கும்போது நோய் கண்ணைத் தாண்டியிருக்கும்.

1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். 1851-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைப் பற்றி எழுதினார். அதுவரை உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர்கள் சரியாகப் பார்த்ததே இல்லை. பிறகு பெர்லினில் ஃபான் கிரேஃபே, கண்ணை எடுக்கும்போது கண் நரம்பையும் நீளமாகச் சேர்த்து எடுக்கச் சொன்னார். மூன்றும் சேர்ந்தபோது குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள்.

பிழைத்த ஒரு சிறுவனின் கதையைச் சொல்ல வேண்டும். 1872-இல் பிரேசிலில் ஹிலாரியோ தெ கோவெயா என்ற மருத்துவர் ஒரு சிறுவனின் கண்ணை இந்த நோய்க்காக எடுத்தார். பையன் பிழைத்தான், வளர்ந்தான், கல்யாணம் செய்தான், ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆனான். அந்த ஏழில் இரண்டு பெண் குழந்தைகளுக்கு அதே நோய் வந்தது. இது பரம்பரையாகவும் வரலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஒரு கண்ணோடு ஒருவன் குடும்பம் நடத்தி நிறைவாழ்வு வாழலாம் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு நோய் வந்தது தகப்பன் வழியாக. "இவ வந்த நேரம்", "இவ வம்சத்துல கோளாறு" என்று மருமகளைத் திட்டும் வாய்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆல்ஃபிரட் நட்சன் 48 குழந்தைகளின் விவரங்களை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகாதபடி தடுக்கும் மரபணு நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி உண்டு. சைக்கிளுக்கு முன் பிரேக், பின் பிரேக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அறுந்தாலும் வண்டி நிற்கும்; இரண்டும் அறுந்தால் நிற்காது. பரம்பரையாக வரும் குழந்தைக்குப் பிறக்கும்போதே ஒரு பிரேக் இல்லை. மற்றக் குழந்தைகளுக்கு இரண்டும் பிறகு, தற்செயலாக அறுகின்றன. 1986-இல் அந்த மரபணுவையே பிரித்தெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 1990-களில் கண்ணை எடுக்காமலே மருந்தாலும் லேசராலும் பல குழந்தைகளைக் காப்பாற்றும் முறைகள் வளர்ந்தன.

இதைப் படித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. 1809-இல் இந்த நோய் வந்த குழந்தை அரண்மனையில் பிறந்தாலும் குடிசையில் பிறந்தாலும் அநேகமாக முடிவு ஒன்றுதான். ஏழை, பணக்காரன் என்ற வித்தியாசத்தை நோய் கொண்டுவரவில்லை. வைத்தியம் வந்த பிறகுதான் அது வந்தது. யாருக்கு அந்த வைத்தியம் நேரத்துக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில் வந்தது.

நம் ஊர்ப்பக்கமும் வைத்தியம் இல்லாமல் இல்லை. வார்ட்ராப் நூல் வந்த பத்தாவது ஆண்டு, 1819-இல், சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கிவிட்டார்கள். இன்றும் எழும்பூரில் இருக்கிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். நான் சொல்லும் 1984-இல் எங்கள் பக்கத்து ஊர்களில் கண் சிகிச்சை முகாமும் நடந்தது. ஆனால் முகாம் என்றால் தாத்தா பாட்டிகளுக்குப் புரை எடுப்பது என்றுதான் எங்களுக்கு நினைப்பு. கைக்குழந்தையை முகாமுக்குத் தூக்கிப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்த அக்கா, அன்றைய நாலாம் வகுப்புப் பிள்ளை, இப்போது பேரன் எடுத்துவிட்டாள். இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். இரண்டு நாள் போனில் பேசி, மாதக் கணக்கைச் சரிபார்த்தோம்.

குழந்தைக்கு ஒன்பதாவது மாதம். அம்மா வேலை முடிந்து வந்து, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணுக்குள் ஏதோ மின்னுவதைப் பார்த்திருக்கிறார். வீட்டில் சொன்னார். "பூ விழுந்திருக்கும், தாய்ப்பாலை விடு" என்றார்கள். விட்டார். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தார்கள். இரண்டு மாதம் போனது.

பிறகு அந்தக் கண் மெதுவாக ஒருபக்கம் ஒதுங்கியது. "மாறுகண்ணு அதிர்ஷ்டம்டி, சும்மா இரு" என்றார் பாட்டி. அதில் ஐந்து மாதம். நான் "பூனைக்கண்ணி" என்று சிரித்ததும் இந்தக் காலத்தில்தான்.

டவுனுக்குக் கூட்டிப் போகலாம் என்றால், அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு தனி. அப்பா வெளியூரில் கொத்து வேலை. அவர் வந்து சரி என்று சொன்னால்தான் போக முடியும். பொங்கலுக்குத்தான் வந்தார். அதில் நான்கு மாதம். டவுனில் ஒரு டாக்டர் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் சிவந்திருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். அதை விட்டு விட்டுப் பார்த்ததில் இன்னொரு நான்கு மாதம்.

ஒன்பதாவது மாதத்தில் தாய் பார்த்தார். மதுரையில் சரியான டாக்டர் பார்த்தபோது குழந்தைக்கு இரண்டு வயது. இடையில் போனது 15 மாதம்.

மதுரையில் உண்மையைச் சொன்னார்கள். "இப்பவே கண்ணை எடுத்தா உயிரைக் காப்பாத்த வாய்ப்பிருக்கு" என்றார்கள். அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "ஒத்தக்கண்ணிய எவன் கட்டுவான்?" என்று கேட்டாராம். அவரை நான் குறை சொல்லத் தயாரில்லை. பெண்பிள்ளைக்குக் கண் போனால் என்ன ஆகும் என்று ஊர் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். செயற்கைக் கண் வைத்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. அப்படிப் பிழைத்து வளர்ந்த ஒரு பிள்ளையை அவர் பார்த்ததில்லை. ஆறு மாதம் கழித்து, கண் வெளியே பிதுங்கிய பிறகு மறுபடியும் ஓடினார்கள். அப்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

கணக்கை முடித்தபோது அவள் ஒன்று சொன்னாள்: "சார், எங்கம்மாதான் முதல்ல பாத்தாங்க. யாரும் கேக்கல."

பிள்ளைகளே, இந்த நோயின் வரலாற்றை நான் எத்தனை பக்கம் படித்தாலும் இந்த ஒரு வரியில் வந்துதான் நிற்கிறது. பல நாடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்த நோயை முதலில் கவனிப்பது பெரும்பாலும் டாக்டர் இல்லை. வீட்டில் இருப்பவர்கள், அதிலும் தாய்தான். அவள் பார்த்த நாளுக்கும் டாக்டர் பார்த்த நாளுக்கும் இடையில் உள்ள தூரம்தான் குழந்தையின் ஆயுளை முடிவு செய்கிறது. அந்தத் தூரத்தைக் கூட்டுவது எது? கூலி, பஸ், புருஷன் சம்மதம், மாமியார் சொல், பாட்டி வைத்தியம், கண்ணில் மருந்து விட்டுப் பார்க்காத டாக்டர், பெண் குழந்தைதானே என்ற எண்ணம். இவற்றில் ஒன்றுகூடப் புற்றுநோய் இல்லை.

இது என் ஊர்க்கதை மட்டும் இல்லை. 2017-இல் உலகம் முழுவதும் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் புதிதாகக் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டினார்கள். பணக்கார நாடுகளில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட நடுவயது 14 மாதம். மிக ஏழை நாடுகளில் 30 மாதம். கண்டுபிடிக்கும்போதே நோய் கண்ணைத் தாண்டியிருந்தது பணக்கார நாடுகளில் நூற்றில் இரண்டு பேருக்குக்கூட இல்லை. ஏழை நாடுகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. அதே குழந்தைகளை மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். மிக ஏழை நாடுகளில் 57 பேர். நம் நாடு சேரும் வரிசையில், அதாவது கீழ்நடுத்தர வருமான நாடுகளில், 80 பேர். அந்த 99-க்கும் 57-க்கும் நடுவில் இருப்பதில் பெரும்பகுதி தாமதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோய் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அளவில்தான் வரும். ஆனால் நம் நாட்டு மருத்துவமனைக் கணக்குகள் பலவற்றில் ஆண் குழந்தைகளே அதிகம். அப்படியானால் மீதிப் பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்? வகுப்பில் நான் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பேனே, அதே மாதிரி இதையும் உங்களிடமே விடுகிறேன்.

தாமதம் மாற்ற முடியாத தலைவிதி இல்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்ற ஏழை நாடு. அங்கே வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 73 பேருக்கு நோய் கண்ணைத் தாண்டிய பிறகே தெரிந்துகொண்டிருந்தது. 2003-இல் ஒரு வேலை செய்தார்கள். நாடு முழுவதும் தடுப்பூசி போடும் இயக்கம் நடக்கும் அல்லவா, அதோடு சேர்த்து, "குழந்தையின் கண்ணில் வெள்ளை தெரிந்தால் உடனே கொண்டு வாருங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினார்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். அதன் பிறகு அந்த 73 பாதியாகக் குறைந்து 35 ஆனது. இதற்குப் புது மருந்தும் தேவைப்படவில்லை, பெரிய கருவியும் தேவைப்படவில்லை. தாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பிரையன் ஷா என்ற வேதியியல் பேராசிரியர், தன் மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு பழைய போட்டோக்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, குழந்தை பிறந்த இரண்டாவது வாரத்திலேயே எடுத்த படத்தில் கண்ணில் வெள்ளை இருந்திருக்கிறது. படித்தவர், வசதியானவர். அவர் கண்ணுக்கே தப்பியது. பிறகு போட்டோக்களில் அந்த வெள்ளையைத் தேடும் செயலியை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார். இன்று நம் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. 1984-இல் அந்தத் தாய்க்கு இருந்தது ஒரு சிம்னி விளக்கு. அதிலேயே அவர் சரியாகப் பார்த்தார்.

இப்போது, இரவு பத்து மணிக்கு ஏன் போன் செய்தேன் என்று புரிந்திருக்கும்.

உங்களுக்கு வீட்டுப்பாடம். குழந்தை இருக்கும் எல்லா வீட்டுக்கும்:

கண்மணி கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால், மங்கிய வெளிச்சத்தில் பூனைக்கண் மாதிரி தெரிந்தால், போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் திரும்பத் திரும்ப வந்தால், கண் டாக்டரிடம் போங்கள். அடுத்த மாதம் இல்லை, அந்த வாரமே.

மாறுகண் அதிர்ஷ்டம் இல்லை. அதையும் காட்டுங்கள். காரணமில்லாமல் ஒரு கண் சிவந்தோ வீங்கியோ இருந்து, மருந்துக்கும் அடங்காவிட்டாலும் காட்டுங்கள்.

டார்ச் அடித்துப் பார்ப்பது போதாது. "சொட்டு மருந்து விட்டு உள்ளே பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் இந்த நோய் வந்து கண் எடுத்திருந்தால், பிறக்கும் குழந்தைக்கு முதல் நாட்களிலிருந்தே பரிசோதனை வேண்டும். மறைக்காதீர்கள்.

வெள்ளை தெரிந்தால் எல்லாமே புற்றுநோய் இல்லை. பிறவிப் புரையாக இருக்கலாம். வேறு கோளாறாக இருக்கலாம். நம் மாணவியின் மகனுக்கு ஆனது போல ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லக் கேட்பதற்காகப் போவது வீண் செலவு இல்லை.

கடைசியாக, ஆண்களுக்கும் மாமியார்களுக்கும். வீட்டில் ஒரு பெண், "பிள்ளை கண்ணுல ஏதோ தெரியுது" என்று சொன்னால், அவளுக்கு விவரம் போதாது என்று நினைக்காதீர்கள். அவளைவிட அந்தக் கண்ணை அதிக நேரம் பார்த்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

பூனைக்கண்ணி என்று கூப்பிட்டால் அந்தக் குழந்தை என் பக்கம் திரும்பிப் பார்க்கும். எப்போதும் நல்ல கண் இருக்கும் பக்கமாகத்தான் திரும்பும். அதைக்கூட நான் அன்று கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்